மறுதரப்பு இல்லாத நேரத்தில்

முதலில் ஒரு பெரும் பிழையைத் திருத்திவிடுகிறேன். உங்கள் மேல் குற்றமில்லை, நான் நடுவர் என்று சொன்னதும் "எந்தச் சேனல் சார்?" என்று கேட்டீர்கள், யாராக இருந்தாலும் அதையேதான் கேட்பார்கள். நடுவர் என்றால் பட்டிமன்றத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு அணியையும் கிண்டல் செய்து, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று மூன்று மணி நேரம் கேட்டுவிட்டு, கடைசியில் "இருவருமே" என்று சொல்லிப் பொன்னாடையோடு வீட்டுக்குப் போகிறவர் என்று தமிழ்நாடு முழுவதும் நம்புகிறது. இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை ரயில் அரியலூர் வருவதற்குள் விளக்கிவிடலாம். நான் திருச்சியில் இறங்க வேண்டும். நீங்கள் மதுரை வரை போகிறீர்கள், உங்களுக்கு அவசரமில்லை.

என் பெயர் ஆவுடையப்பன். சர்வதேச நடுவர். ஒரு நாட்டுக் கம்பெனி இன்னொரு நாட்டில் போய்த் துறைமுகம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி கட்டியிருக்கும்போது அங்கே ஆட்சி மாறுகிறது. புது அரசாங்கம், "போதும், கிளம்பு" என்கிறது. கம்பெனி யாரிடம் போய் முறையிடும்? அந்த நாட்டு நீதிமன்றத்தைக் கம்பெனி நம்பாது. கம்பெனியின் நாட்டு நீதிமன்றத்தை அரசாங்கம் நம்பாது. அதனால் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இருவருக்கும் பொதுவாக மூன்றாவது ஒருவரை நடுவில் உட்கார வைப்பார்கள். அந்த மூன்றாவது ஆள் பல சமயம் நான்.

ஆரம்பத்திலேயே நடுவில் உட்கார வைத்துவிடவில்லை. என் தொழில் நனைந்த துவரம்பருப்பில் தொடங்கியது. சென்னையில் என் சீனியர் கப்பல் வழக்குகள் பார்ப்பவர். பர்மாவிலிருந்து வந்த பருப்பு மூட்டைகள் நனைந்து பூசணம் பிடித்திருந்தன. நனைந்தது கப்பலிலா, கிடங்கிலா என்று லண்டனில் ஒரு நடுவர் முன்னால் விசாரணை. சீனியருக்கு முதுகு வலி, என்னை அனுப்பினார். அந்த நடுவர் வெள்ளைக்காரக் கிழவர், நான்கு நாள் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். ஐந்தாம் நாள் மூன்றே கேள்வி. எனக்குப் புல்லரித்துவிட்டது. வழக்கு தோற்றது, அது வேறு. அன்றைக்கே முடிவு செய்தேன், நடுவரானால் இவரைப் போல ஆக வேண்டும். துல்லியமாகச் சொன்னால் முப்பத்தொரு ஆண்டு அப்படி இருந்தேன். நான் எழுதிய தீர்ப்பு ஒன்றைக்கூட எந்த நாட்டு நீதிமன்றமும் ரத்து செய்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும், அதனால் சொல்கிறேன்.

முறுக்கு வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், யாரிடமும் வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்லை. எங்கள் தொழிலில் சட்டம் தெரிவது இரண்டாம் பட்சம். முதலாவது, ஒரு தரப்போடு தனியாக இருக்கக் கூடாது. மறுதரப்பு இல்லாத நேரத்தில் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. விசாரணை நடக்கும் ஊரில் எல்லோரும் ஒரே ஓட்டலில்தான் தங்குவோம். காலைச் சாப்பாட்டுக்கு நான் சுவரைப் பார்த்து உட்காருவேன். லிப்டில் ஒரு தரப்பு வக்கீல் ஏறினால் அடுத்த மாடியில் இறங்கிப் படியில் போவேன். ஹேக் நகரத்தில் ஒருமுறை நல்ல மழை. கம்பெனி வக்கீல் ஓடி வந்து குடை பிடித்தார். அரசாங்க வக்கீல் ஜன்னலில் நிற்கிறார். நான் குடையை விட்டு வெளியே வந்து நனைந்துகொண்டே நடந்தேன். மூன்று நாள் காய்ச்சல். ஊருக்கு வந்து கோமதியிடம் சொன்னபோது, "அந்தாளும் நனைஞ்சாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நீங்க மட்டுந்தான் லூசு" என்றாள். கோமதி என் மனைவி. சங்கரன்கோவில்காரி. நான் எழுதுகிற மாதிரியே பேசுகிறேன் என்பது அவளுடைய நிரந்தரப் புகார். "உங்க அப்பா வாயத் திறந்தா கெஜட்டுதான் வரும்" என்று மகளிடம் சொல்வாள்.

மகள் பெயர் சங்கரி. ஒரே பெண். பெங்களூரில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை குமரேசன், பெரிய கம்பெனியில் நல்ல வேலை, நிதானமான பேச்சு. பேத்தி யாழினிக்கு அப்போது ஐந்து வயது.

அந்த வருடம் ஜூன் மாதம் ஹேக்கில் இரண்டு வார விசாரணை. துறைமுக வழக்குதான். எந்த நாடு என்று சொல்ல முடியாது, ரகசியக் காப்பு இருக்கிறது. இரண்டாம் நாள் மதிய இடைவேளை. சங்கரி போன் செய்தாள்.

"அப்பா, கொஞ்சம் பேசலாமா?"

"சொல்லம்மா."

"இவரப் பத்தித்தான்..."

"நில். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாரா?"

"இல்ல. ஆபீஸ் போயிருக்காரு. அதனாலதாம்பா இப்ப பண்றேன்."

"அப்படியானால் இப்போது பேசாதே. அவர் இருக்கும்போது இரண்டு பேருமாகப் பேசுங்கள். நான் கேட்கிறேன்."

"அவரு இருக்கும்போது எப்படிப்பா பேச முடியும்?" என்றாள்.

நான் பொறுமையாக விளக்கினேன். அவர் இல்லாதபோது அவரைப் பற்றி நான் கேட்டுவிட்டால், பிறகு என்னை நடுநிலையானவன் என்று யார் நம்புவார்கள்?

"நீங்க நடுநிலையா இருக்கணும்னு யாருப்பா கேட்டா?" என்றாள்.

பதற்றத்தில் இருந்தாள் பாவம். நடைமுறை தெரியாதவர்கள் முதலில் இப்படித்தான் கோபப்படுவார்கள். உள்ளே மணி அடித்தது, நான் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்று பிற்பகல் சாட்சி துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றிச் சொன்னது ஒன்றும் என் காதில் விழவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஆனது அந்த ஒரு பிற்பகல்தான். பிறகு எழுத்துப் பதிவைப் படித்துச் சரி செய்துகொண்டேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அன்று மாலையே இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். எங்கள் வழக்கம் அது. வழக்கு வந்ததும் முதல் வேலை, யார் எப்போது என்ன கொடுக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு. சங்கரி பத்து நாளில் தன் குறையை எழுத வேண்டும். குமரேசன் அடுத்த பத்து நாளில் பதில் எழுத வேண்டும். எதை எழுதினாலும் மற்றவருக்கும் நகல். ஜூலை இரண்டாம் ஞாயிறு பெசன்ட் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நேரில் பேசலாம்.

கோமதி போனில் கத்தினாள். "பெத்த பிள்ளை அழுதா என்னன்னு கேப்பாகளா, தேதி குடுப்பாகளா?"

தேதி கொடுப்பதுதான் கேட்பது. இதை உங்களுக்காவது சொல்லி வைக்கிறேன், கோமதிக்கு இன்னும் புரியவில்லை.

சங்கரி எழுதியது இரண்டு வரி. "அப்பா, எனக்கு இங்கே இருக்கப் பயமா இருக்கு. நானும் யாழினியும் அங்கே வரலாமா?" அவ்வளவுதான். தேதி இல்லை, சம்பவம் இல்லை, இணைப்பு இல்லை. இரண்டாவது வரி குறையே இல்லை, கோரிக்கை. அதையும் குமரேசனுக்கு நகல் வைத்திருந்தாள், உத்தரவுப்படி.

குமரேசன் எழுதியது ஒன்பது பக்கம். "மதிப்பிற்குரிய மாமாவுக்கு" என்று தொடங்கி, ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு, நாற்பத்தொரு பத்தி. ஏழு இணைப்பு. ஊட்டியில் மூவரும் சிரிக்கிற படம் மூன்றாம் இணைப்பு. பெரிய பெரிய நிறுவனங்களின் வக்கீல்கள்கூட எனக்கு இவ்வளவு ஒழுங்காக எழுதிக் கொடுத்ததில்லை. நான் பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்தேன். தான் எவ்வளவு எளிமையாகக் குடும்பம் நடத்துகிறோம் என்று ஒரு பகுதி. அதில் இருபத்து மூன்றாம் பத்தி: ஆடம்பரம் வேண்டாம் என்று காரை ஜனவரியிலேயே விற்றுவிட்டு மெட்ரோவில் போய் வருகிறேன். நல்ல பையன் என்று நினைத்தேன். அந்தப் பத்திக்குக் கீழேயும் கோடு போட்டேன்.

விழுப்புரம் தாண்டிவிட்டோமா? சரி.

ஜூலை இரண்டாம் ஞாயிறு வந்தார்கள். யாழினியைக் கோமதி மாடிக்குக் கூட்டிப்போய்ப் படம் வரைய உட்கார வைத்துவிட்டு வந்தாள். மேஜையில் எனக்கு எதிரே இருவரும். நடுவில் தண்ணீர் ஜக்கு. குமரேசன் பேசினார். நிதானமாக, பத்தி எண் சொல்லிச் சொல்லிப் பேசினார். சங்கரிக்கு மிருதுவான மனது, சீக்கிரம் பயந்துகொள்வாள், அலுவலகக் களைப்பில் குரலை உயர்த்தியிருக்கலாம், அதற்கு வருந்துகிறேன் என்றார். நான் சங்கரியைப் பார்த்தேன். "உன் முறை" என்றேன்.

அவள் இடது கையை மேஜைக்குக் கீழே வைத்திருந்தாள். தண்ணீர் ஊற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது, அப்போது கை மேலே வந்தது. இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு தரப்பில் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை. யாரும் எழுப்பாத விஷயத்தை நடுவரே கையில் எடுத்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. நல்ல நல்ல நடுவர்கள் வழுக்கி விழுந்தது அந்த இடத்தில்தான்.

சமையலறை வாசலிலிருந்து கோமதி கேட்டாள். "ஏட்டி, கையில என்ன?"

"கோமதி, நீ இதில் ஒரு தரப்பு இல்லை" என்றேன்.

"நான் தரப்பு இல்லையா? பெத்தவ நான் தரப்பு இல்லையா?"

குமரேசன் சிரித்தார். "ஒண்ணுமில்ல அத்தை. போன வாரம் நம்ம கார் கதவுல மாட்டிக்கிச்சு."

சங்கரி என்னைப் பார்த்தாள்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த நொடியே எனக்கு இருபத்து மூன்றாம் பத்தி நினைவுக்கு வந்தது. காரை ஜனவரியில் விற்றாயிற்று, கதவில் விரல் மாட்டியது ஜூலையில். மூன்று கேள்வி கேட்ட அந்தக் கிழவருக்குக்கூட இவ்வளவு வேகமாக வந்திருக்காது. பத்தி எண் உட்பட வந்தது. எதிர்த் தரப்பு அதைச் சுட்டிக் காட்டும் என்று காத்திருந்தேன். எதிர்த் தரப்பு என்றால் சங்கரி. அவள் சுட்டிக் காட்டவில்லை. ஒரு தரப்புக்காக நடுவரே வாதத்தை எடுத்துக் கொடுத்தால், குமரேசன் எழுந்து, "மாமா, இது நியாயமா?" என்று கேட்டால், நான் என்ன பதில் சொல்வேன்?

சொல்லுங்கள், என்ன பதில் சொல்வேன்?

நீங்களும் என்னை அப்படிப் பார்க்காதீர்கள். நீங்கள் என் பக்கத்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். விதிப்படி அதுவே தவறு.

விசாரணை முடியும்போது எங்கள் வழக்கம் ஒரு கடைசிக் கேள்வி. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்ல உங்களுக்கு முழு வாய்ப்புக் கிடைத்ததா? பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாதே, அதற்காக. கேட்டேன்.

"முழுத் திருப்தி மாமா" என்றார் குமரேசன்.

சங்கரி, "உங்களுக்கு என்கிட்ட கேக்கணும்னு ஏதாவது இருக்காப்பா?" என்றாள்.

கேள்வி கேட்பது என் பக்கம், பதில் சொல்வது அவர்கள் பக்கம். அவள் கேட்டதைப் பதில் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

முடிவு என்ன என்கிறீர்களா? ஒருமித்த தீர்வு. இரண்டு பேரிடமும் சில குறைகள், இருவரும் திருத்திக்கொள்ள வேண்டும், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம். இரண்டு பக்கத்தில் விசாரணைக் குறிப்பு எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். கோமதியின் கேள்வியை நீக்கிவிட்டேன், அவள் தரப்பு இல்லை. குமரேசனின் பதிலை நீக்க முடியாது, அவர் தரப்பு. ஆகவே ஐந்தாம் பத்தியில் இப்படி வந்தது: விரல் காயம் கார் கதவினால் ஏற்பட்டது என்று குமரேசன் கூறினார்; சங்கரி அதை மறுக்கவில்லை. ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சங்கரி படித்துப் பார்த்துவிட்டு வலது கையால் கையெழுத்துப் போட்டாள்.

அவர்கள் போன பிறகு கோமதி மேஜையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "பட்டிமன்றம் முடிஞ்சுதா? பொன்னாடை போத்தட்டுமா?" என்றாள்.

அன்று நான் கோபப்பட்டேன். அந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்காது, ஆரம்பத்திலேயே உங்களுக்குச் சொன்னேன் அல்லவா.

பதினெட்டாம் நாள் சங்கரி போன் செய்தாள். எனக்கு இல்லை, அவள் அம்மாவுக்கு. கோமதி ஒரு தரப்பை மட்டும் கேட்டாள். குமரேசன் பக்கத்தில் இருக்கிறாரா என்றுகூடக் கேட்கவில்லை. நான் சிங்கப்பூரில் இருந்தேன். கோமதி காலை ரயிலில் பெங்களூர் போனாள், ஒரு பெட்டியோடு பேத்தியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, சென்னைக்கு வராமல் திருச்சிக்குப் போய்விட்டாள். உறையூரில் அவள் தம்பி வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. அங்கேதான் மூவரும் இருக்கிறார்கள், இரண்டு வருடமாக.

சங்கரிக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது. இந்த முறை எக்ஸ்ரே இருந்தது. ஆவணம் இருந்தது.

திருச்சியில் வழக்கு நடக்கிறது. சங்கரியின் வக்கீல் ஷாஹிதா என்று ஓர் இளம் பெண், கெட்டிக்காரி. போன மாதம் சென்னைக்கு வந்து என்னைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். என் விசாரணைக் குறிப்பு. குமரேசன் தரப்பு அதை நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறது. மகள் காயத்தைப் பற்றிப் பெற்ற தகப்பன் முன்னாலேயே ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்தும் போட்டிருக்கிறாள், இப்போது எலும்பு முறிவுக்கும் தானாக விழுந்ததுதான் காரணம் என்கிறார்கள்.

"சார், அவங்ககிட்ட இருக்கிறதுலயே பலமான காகிதம் இதுதான்" என்றாள் ஷாஹிதா. "யாரோ நல்லாத் தெரிஞ்சவங்க எழுதின மாதிரி இருக்கு."

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

"தெரியும் சார். அன்னைக்கு அந்தக் கையைப் பாத்தப்போ உங்களுக்கு ஏதாவது தோணுச்சா?"

நான் அவளுக்கு நடைமுறையை விளக்கினேன். நாற்பது நிமிடம் விளக்கினேன். எழுந்து போகாமல் கேட்டாள், நல்ல பெண். முடித்ததும், "சரி சார். தோணுச்சா?" என்றாள்.

உள்ளே போய்க் குமரேசனின் ஒன்பது பக்கத்தை எடுத்து வந்து கொடுத்தேன். ஆறாம் பக்கம், இருபத்து மூன்றாம் பத்தி, பென்சில் கோடு. அவள் ஒருமுறை படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். "சார், இத நீங்க எழுத்துல குடுப்பீங்களா? அன்னைக்கே கவனிச்சேன், ஆனா கேக்கலைன்னு?"

ஒன்பது நாள் எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. முப்பத்தொரு வருடம் குடைக்குக் கீழே நிற்காத மனிதன், ஒரு தரப்புக்காக, ஒரே ஒரு தரப்புக்காக, சாட்சியாகக் கையெழுத்துப் போடுவது. நடுவில் ஒரு நாள் குமரேசனுக்கும் நகல் அனுப்ப வேண்டுமோ என்றுகூட நினைத்தேன். அனுப்பவில்லை. அது நீதிமன்றம் வழியாகப் போகும் என்று ஷாஹிதா சொன்னாள்.

அரியலூர் வரப்போகிறது, பாருங்கள், சொன்ன நேரத்துக்குள் முடித்துவிட்டேன். அந்த முறுக்கு இன்னும் இருக்கிறதா? ஒன்று கொடுங்கள்.

நான் மாதம் ஒரு முறை இந்த வைகை எக்ஸ்பிரஸில் திருச்சி போகிறேன். போன முறை போனபோது அந்த வாக்குமூலத்தின் நகலை சங்கரியிடம் கொடுத்தேன். கூடத்தில் மூன்று நாற்காலி, நான், அவள், கோமதி. யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. சங்கரி முழுவதும் படித்தாள். ஒரு பக்கம்தான், இருந்தாலும் நிறைய நேரம் படித்தாள்.

"இந்த இருபத்து மூணாம் பத்தி அன்னைக்கே தெரியுமாப்பா?"

"தெரியும் அம்மா."

காகிதத்தை இரண்டாக மடித்தாள், பிறகு நான்காக. நீதிமன்றத்துக்கு மூலப்பிரதி தனியாக இருக்கிறது, அதனால் மடிப்பதில் ஒன்றுமில்லை. அவளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் அன்று போயிருந்தேன். என்ன சொல்வது என்று ரயிலில் எழுதிக்கூட வைத்திருந்தேன். கோமதி எழுந்து உள்ளே போனால் சொல்லலாம் என்று இருந்தேன்.

கோமதி, "காப்பி போடுதேன்" என்று எழுந்தாள். சங்கரியும் எழுந்து அவள் பின்னாலேயே உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் சேர்ந்து ஒரு டம்ளரைக் கொண்டு வந்தார்கள்.